பேரம்

எஸ்பாலியோன் சந்தையில்
விரித்துவைத்த பழம்பூட்டுகளோடு அது இல்லை.
மேடம் வெர்தியேயின் கையில் இருந்தது,
மதியச் சாப்பாட்டுக்கு நடுவே.

கொம்புப் பிடி. முதுகில் ஒரு தேனீ,
கட்டைவிரல் பட்டுப்பட்டு
இறக்கை தேய்ந்துபோன தேனீ.
தீட்டித் தீட்டி அலகு
புல்லிதழாய் ஒடுங்கியிருந்தது.

வீட்டில் என்னிடம் அறுபத்திரண்டு,
பச்சைத் துணியில் வரிசையாக.
ஒன்றுகூட வெங்காயம் அறியாது.

நாற்பது யூரோ என்றேன்.
சாஸேஜில் ஒரு வட்டம் அரிந்தாள்.
ஐம்பத்தைந்து.
இன்னொரு வட்டம், மெல்லியதாக.
எழுபதுக்கு,
ரொட்டியில் இருபுறமும் துடைத்து
அந்த ரொட்டியையும் தின்றுவிட்டு
சத்தமில்லாமல் மடித்து நீட்டினாள்.

பணத்தை இருமுறை எண்ணியவள்
பையிலிருந்து ஆப்பிள் ஒன்றை எடுத்தாள்.
அதைப் பார்த்தாள்,
பிறகு என்னை.

நான்தான் திறந்து கொடுத்தேன்.