அரை மீற்றர் கம்பி

பவளராணியின் கெப் வண்டி
வெள்ளைதான், ஆனால் முதல் வெள்ளையல்ல.
பம்பரில் நீள ஏரியல் நின்ற தடம்.
கதவில் யாரோ சுரண்டி எடுத்த எழுத்துகள்
சாய்வாய்ப் பார்த்தால் இன்னும் பளபளக்கும்.
கடல் வந்த வருசத்துக்குப் பிறகு
கூடாரம் ஏற்றித் திரிந்தவற்றில் ஒன்றாயிருக்கும்.
இப்போது அதற்கு வேலை
இரண்டு வெட்டு மெசினுக்குப் பின்னால் ஓடுவது.

"வயலுக்குள்ள எண்ணெய் செட் இல்லத் தம்பி.
றோட்டில இருந்தாலும் வரிசை.
வரிசையில நிண்டு ஒரு போகம் கெட்டுப்போச்சு."

ஜவ்பர் தகட்டை மடித்து ஒட்டினான்.
எழுபது லீற்றர்.
உள்ளே இரண்டு தடுப்பு,
திருப்பத்தில் டீசல் ஒரு பக்கமாய்ப் பாய்ந்து
வண்டியின் இடுப்பை முறிக்காமலிருக்க.
சவர்க்கார நுரை பூசிக் காற்றடித்தான்.
ஒரு மூலையில் மட்டும் சின்னக் குமிழி.
திரும்பவும் ஒட்டினான்.

அடியில் படுத்துப் பார்த்தால்
சேசிஸில் ஏற்கெனவே நான்கு துளைகள்.
இதே இடத்தில், இதே வேலைக்கு
யாரோ ஒரு தாங்கி பூட்டியிருக்கிறார்கள்,
யாரோ கழற்றச் சொல்லியிருக்கிறார்கள்.
எந்தச் சந்தியில், எந்தத் துவக்கின் முன்
என்று துளை சொல்லாது.
எங்கள் தாங்கிக்கு இரண்டு விரல் தள்ளி நின்றன.
பக்கத்தில் புதிதாய் நான்கு துளைத்தோம்.
இரும்புத் தூள் என் கண்ணில் விழுந்தது.

என் பங்கு கம்பி.
பியூஸ், ரிலே, டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச்.
பம்ப் உள்ளங்கை அளவு.
டீசல் இருக்கும்வரை டிக், டிக், டிக்.
காலியானால் பதறிப் பதறி அடிக்கும்.
"எப்ப நிப்பாட்டுற?" என்றாள்.
பெரிய தாங்கி பாதியில் நிற்கும்போது போடுங்க,
நிமிசத்துக்கு ரெண்டு லீற்றர்,
இருவது நிமிசம்.
அவள் கையில் கடிகாரம் இல்லை.
"அப்ப தம்பிலுவில்ல போட்டாக்
கோமாரில நிப்பாட்டுறன்."
சரி என்றேன். றோட்டை விட நல்ல மணிக்கூடு
எந்தக் கடையில் கிடைக்கும்?

சாவிக்குப் பின்னாலிருந்து மின்சாரம் எடுப்பதுதான் முறை.
அரை மீற்றர் கம்பி குறைந்தது.
வெள்ளிக்கிழமை, மணி பன்னிரண்டே கால்,
அக்கரைப்பற்றுக் கடைகள் ஷட்டரை இழுத்துவிட்டன,
பள்ளியில் குத்பா தொடங்கப் போகிறது.
நேரே பற்றரியில் கொடுத்தேன்.
கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன்.

ஞாயிறு காலை வந்தாள்.
வண்டிக்கு முன்னால் டீசல் மணம் வந்தது.

கோமாரிக்கு ஒரு கட்டை இருக்க
றோட்டின் நடுவில் யானை.
விளக்கை அணைத்தாளாம், எஞ்சினை அணைத்தாளாம்,
சாவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாளாம்.
கும்மிருட்டு. கடல்கூடக் கேட்கவில்லை.
அதற்குள் எங்கிருந்தோ
டிக், டிக், டிக்.

"என்ர நெஞ்செண்டு நினைச்சன்.
மறுகாத்தான் பார்த்தன்,
அது காதை விரிச்சுக்கொண்டு நிக்குது.
அதுக்கும் கேக்குது."

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை.
மூடியின் ஓரத்தால் வழிந்து
தாரில் ஊர்ந்து யானையின் காலடிக்குப் போயிருக்கிறது.
மணந்து பார்த்ததாம். தும்பிக்கையை உதறி
பிடிக்காத கறியைத் தள்ளிவிட்டு எழும்புகிறவன்போல்
காட்டுப் பக்கம் திரும்பியதாம்.

அவள் சிரித்தாள். ஜவ்பர் சிரித்தான்.
நான் அந்த அரை மீற்றரைச் சொன்னேன்.
சிரிப்பு நின்றது.
"பதினொரு லீற்றர்," என்றாள்.
கூலியில் கழித்துக்கொள்ளச் சொன்னேன்.
கழித்தாள்.

அன்றே கம்பியைச் சாவிக்குப் பின்னால் மாற்றினேன்.
பெரிய தாங்கிக்குள் ஒரு மிதவையும் வைத்தேன்,
நிறைந்தால் தானாக வெட்டும்.
அதன் கம்பிக்கு வழி தேடித் தடவியபோது
விரல் போய் நின்றது பழைய துளை ஒன்றில்.
றப்பர் வளையம் போட்டு உள்ளால் இழுத்தேன்.
அளவெடுத்து அடித்ததுபோல் இருந்தது.

மற்ற மூன்றும் திறந்தே கிடக்கின்றன.
வயல் சேறு அடைக்கட்டும்.