ஏழாவது வகை

திருவோணத்துக்கு மூன்று நாள்.
மீனாட்சிபுரம் பால் சோதனைச் சாவடி, இரவு ஒன்றரை.
உடுமலைப் பக்கத்து மாலைக் கறவை
டேங்கர்களுக்குள் குளிர்ந்தபடி
வரிசையில் நின்று உறுமுகிறது.
எனக்கு ஐந்து மில்லி போதும்,
பன்னிரண்டாயிரம் லிட்டரும் அதில் பேசிவிடும்.

இங்கே காற்று எப்போதும் மேற்கிலிருந்து.
மலைச்சுவர் இந்த ஓரிடத்தில் மட்டும் தாழ்ந்திருப்பதால்
மேகமும் லாரியும் எளிதாக வந்துபோகின்றன.
நொதி செய்வதும் இதுதான்.
இந்தப் பக்கத்துப் பள்ளம் இருந்த ஆழத்தில் இருக்கும்,
அந்தப் பக்கத்துப் பள்ளமும் அப்படியே.
நடுவில் ஏற வேண்டிய மேடு மட்டும் குறையும்.
கணவாய்க்குப் போகும் லாரி, வரும் லாரி
இரண்டும் ஒன்றுதான்.

மூக்கு முதலில் வேலை செய்கிறது.
காறல் வாசம் என்றால் லைப்பேஸ் விழித்துவிட்டது,
தண்ணீரையே அரிவாளாக்கிக்
கொழுப்பை அறுத்துக்கொண்டிருக்கிறது.
நீராற்பகுக்கும் வகை, மூன்றாம் எண்.
இந்த வண்டியில் அந்த வாசமில்லை.

ரஜிதா சன்னல் வழியே கேட்கிறாள்:
“வெள்ளம் சேர்த்தோ?”
ஓட்டுநர் திருமூர்த்தி பதறுகிறார்:
“எங்கூர்ல தூறலே இல்லீங்களே.”
அதே எழுத்து, அதே எண்ணிக்கை,
உட்கார்ந்த விதம் மட்டும் வேறு.
ஐசோமரேஸ் குளுக்கோஸைத் தொட்டு
ஃப்ரக்டோஸாக அனுப்புவது போல.
ஓர் அணு கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை.
தித்திப்பு மட்டும் ஏறுகிறது.
சிரித்துவிட்டோம் மூவரும்.

சிரிப்பு அடங்குமுன் குழாய் சிவந்தது.

வனேடியம் பொய் சொல்லாது: பெராக்ஸைடு.
குளிரூட்டும் நிலையத்தில் யாரோ,
மின்சாரம் போன யாரோ,
பால் திரிவதைத் தள்ளிப்போட ஊற்றியிருக்கிறார்கள்.
“நான் வண்டி மட்டும்தானுங்க ஓட்டுறேன்” என்று
மேலேயிருந்து இறங்கிய அவசரத்தில்
மூடியின் விளிம்பு அவர் உள்ளங்கையைக் கிழித்தது.

முதலுதவிப் பெட்டியில் இருந்ததும் அதே புட்டிதான்.
ஊற்றினேன். பொங்கியது.
ரத்தத்திலிருந்த கேட்டலேஸ், முதல் எண்காரி,
கொடுக்கல் வாங்கல் கணக்கை
விநாடிக்கு லட்சக்கணக்கில் தீர்த்து
நீரும் ஆக்ஸிஜனுமாகப் பிரித்தது.
அவர் நுரையையே பார்த்தார்.
“இதையா பாலுல ஊத்துனாங்க?”
“இதைத்தான்.”
“கையில நொரைக்குது, பாலுல நொரைக்கலையே?”
நல்ல மடியின் பாலில் கேட்டலேஸ் கொஞ்சம்தான்.
நோயில்தான் அது ஏறும் என்றேன்.
தலையாட்டினார், கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை.

அவர் சதையில் இப்போதே வேலை தொடங்கியிருக்கும்.
ஏடிபியின் இடுப்பிலிருந்து பாஸ்பேட்டை
குழந்தையைப் போல வாங்கி
குளுக்கோஸின் இடுப்பில் வைப்பவை;
தண்ணீர் கேட்காமல் பிளந்து
பிரிந்த இடத்தில் இரட்டைப் பிணைப்பை விட்டுப்போகிறவை;
அறுந்த இழையின் இரு நுனியைப் பிடித்து
கூலி வாங்கிக்கொண்டே ஒட்டுகிற லைகேஸ்.
பத்து நாளில் தழும்பு.
பாலுக்கு அப்படியில்லை.

நான் படித்தபோது வகை ஆறு.
பட்டம் வாங்கிய பிறகு ஏழாவதைச் சேர்த்தார்கள்:
சவ்வின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு
ஒன்றைக் கடத்திவிடுவது மட்டுமே அதன் வேலை.
உடைப்பதில்லை, கட்டுவதில்லை.
யாரை விடுவது என்பதில்தான் உயிர் நிற்கிறது.

படிவத்தில் ‘திருப்பி அனுப்பப்பட்டது’ என்று எழுதி
முத்திரை வைத்தேன்.
வினை முடிந்ததும் நொதி
நுழைந்தபடியே வெளியே வரும் என்பது பாடம்.
கட்டுப்போட்ட கையால் ஸ்டியரிங்கை வளைத்து
திருமூர்த்தி கிழக்கே திரும்பினார்.
பின்விளக்கு மறையும்வரை
நான் அடுத்த குழாயைக் கழுவவில்லை.

ரஜிதா கூப்பிட்டாள்.
பதினேழு வண்டி நிற்கிறது.