ஏழாம் கட்டில்

வூப்பர்டாலில் ஆற்றுக்கு மேல் ரயில் தொங்குகிறது.
அதன் அடியில் படுப்பவர்களுக்கு
நவம்பர் முதல் மார்ச் வரை இரவுக்கொரு கூரை.
திங்கள், பாஸ்டர் அல்முட் அம்மாவின் தேவாலயம்.
செவ்வாய், நூரெத்தின் இமாமின் பள்ளிவாசல்.
புதன், எங்கள் கோயிலின் கீழ் மண்டபம்.
மற்ற நாட்களுக்கு வேறு வேறு சாவிகள்.
கட்டில்கள் மட்டும் அதே பன்னிரண்டு.
வெள்ளை வானில் ஏறி அவையும்
வீதிவலம் வருகின்றன,
உற்சவ மூர்த்திகள் போல.

பதிவேடு என்னிடம்.
வந்தவருக்கு நீலம், வராதவருக்குச் சிவப்பு.
தை பிறந்த வாரம் கூட்டிப் பார்த்தேன்.
ஏழாம் கட்டில் திங்கள் உண்டு, செவ்வாய் உண்டு,
சனி ஞாயிறும் உண்டு.
பத்துப் புதன்களும் சிவப்பு.

பெயர் இடத்தில் ‘ஹெர் டில்லா’.
“அமைதியான மனிதர்,” என்றார் பாஸ்டர் போனில்.
“சூப்புக்கு மிளகாய்த்தூள் கேட்பார்.
உங்கள் ஆள் என்றல்லவா நினைத்தேன்,
உங்களிடம் வருவதில்லையா?”

போனை வைத்துவிட்டு மேலே போனேன்.
வாசலில் பளிங்குப் பலகை,
கும்பாபிஷேக உபயகாரர் வரிசை,
மேலிருந்து நாலாவது:
ச. தில்லையம்பலம், ஆயிரத்தொரு மார்க்.
அந்தக் காசு செத்து எத்தனையோ வருடம்.
எழுத்தில் பொன் இன்னும் உதிரவில்லை.

அவர் பிடித்த சீட்டு உடைந்தது ஊரறிந்த கதை.
அள்ளிக்கொண்டு கனடாவுக்குப் பறந்துவிட்டார் என்று
கல்யாண வீடுகளில் பேசினோம்,
வடை சூடாக இருந்தது.
கனடா இத்தனை பக்கத்தில்
ஓபர்பார்மன் நிலையப் படிக்கட்டின் கீழே இருந்திருக்கிறது.

சீட்டை எடுத்துவிட்டுக் கட்டாமல் விட்டவர்கள் மூன்று பேர்.
அது அவருக்கு மட்டும் தெரியும்.
ஒருவர் லண்டனுக்கு மாறிவிட்டார்.
ஒருவருக்கு அந்தியேட்டி முடிந்துவிட்டது.
மூன்றாமவர்
நீலப் பேனாவும் சிவப்புப் பேனாவும் வைத்திருக்கிறார்.

நிர்வாகக் கூட்டம்.
“போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவோம்.”
“வரட்டும், என் ஆறாயிரத்தை முதலில் கேட்கிறேன்.”
“தமிழன் றோட்டில் கிடக்கிறான் என்றால்
கோயிலின் பெயர் என்னாவது?”
நான் குறிப்பெழுதினேன், தலை நிமிராமல்.

சர்வேஸ்வரக் குருக்களுக்குப் பகலில்
பார்சல் கிடங்கில் அரைநாள் வேலை.
விரலில் ஒட்டியிருந்த நாடாப் பசையைச் சுரண்டியபடி சொன்னார்:
“அவருக்குக் குளிரைவிட எங்கள் கண் கடுமை.
புதன்கிழமை சமைத்து மூடி வைப்போம்.
சாவியை இமாமின் பிள்ளைகளிடம் கொடுப்போம்.
சாமி இருக்கட்டும்.
நாங்கள் போவோம்.”

முதல் புதன் சிவப்பு.
இரண்டாம் புதன் சிவப்பு,
அன்று மைனஸ் ஒன்பது,
குருக்கள் எனக்கு மூன்று தரம் போன் எடுத்தார்.

மூன்றாம் புதன்
பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் நானே வைத்தேன்.
சாவியை எம்ரேயின் கையில் கொடுத்துவிட்டு
எதிர்த் தரிப்பிடத்தில் நின்றேன்.
ஒரு பஸ்ஸை வேண்டுமென்றே போகவிட்டேன்.
அடுத்ததில் ஏறிவிட்டேன்.
கோயில் பக்க ஜன்னலில் உட்காரவில்லை.

வியாழன் காலை, தட்டுகளோடு எம்ரே.
“இந்த இலை சாப்பிடுவதா, எறிவதா?”
பதினொரு தட்டில் கண்டபடி கிடந்தது,
சிலர் மென்று பார்த்துத் துப்பியும் இருந்தார்கள்.
பன்னிரண்டாவதில்
கறிவேப்பிலை விளிம்போரம் ஒதுக்கி
ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்திருந்தது.

நீலப் பேனாவை எடுத்தேன்.
பெயரைத் திருத்தலாமா என்று யோசித்தேன்.
டில்லாவாகவே இருக்கட்டும், அவர் சொல்லும்வரை.

தட்டை வாங்கி நானே கழுவினேன்.
நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது யூரோ.
வட்டி சேர்க்காமல்.