ஏழாம் கேள்வி

பெர்கனில் மழை. வழக்கம்போல.
டூரிட் படிவத்தை நீட்டுகிறாள்.
ஏழாம் கேள்வி: வாரத்தில் எத்தனை முறை
உங்களை அறியாமல் மலம் கசிந்தது?
பூஜ்யம்.
இடுப்பு நரம்பில் வைத்த மின்தூண்டி
வேலை செய்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

அவளுடைய பழைய ஸ்கேன்
இன்னும் திரையில் இருந்தது:
இறுகி மூட வேண்டிய தசை வளையம்
கடிகார முகம்போல,
பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை அறுந்து.
ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை.
இப்போது முப்பத்தொரு வயது,
மீன்பிடிக் கப்பலில் சமையல்காரன்.
அவனுக்குத் தெரியாது, என்றாள்.
தெரியவும் வேண்டாம்.

கையுறையைக் கழற்றிக்கொண்டே
சும்மாதான் கேட்டேன்,
கடைசியாக மலை ரயிலில் எப்போது போனீர்கள்?

சிரித்தாள்.
அதில் கழிப்பறை கிடையாதே.
தபால் வேலையை விட்டே ஆறு வருஷம்.
இங்கே வர வேண்டுமென்றால்
முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்திவிடுவேன்.

எங்கள் ஆய்வில் இருநூற்றுப் பதினான்கு பேர்.
பூஜ்யங்களையெல்லாம்
குணமானவர்கள் கணக்கில் சேர்த்திருந்தோம்.

இரவு, இங்வில்டும் நானும்
தாள்களை மறுபடி தரையில் பரப்பினோம்.
ஏழுக்குக் கீழே
பேனாவால் எழுதிச் சேர்த்தோம்:
போக நினைத்துப் போகாத இடங்கள்?
பதிலுக்கு இரண்டு வரி விட்டிருந்தோம்.

மறுவாரம் டூரிட்
தாளைத் திருப்பிப் போட்டு
எழுதிக்கொண்டே இருந்தாள்.