பசலி 1434

பயிர் என்று ஒரு கட்டம்.
தொட்டால் பட்டியல் சரிந்து விழுகிறது.
எத்தனை பெயர் இருந்தாலும்
ஒன்றைத்தான் தொடலாம்.

செயலி என்னைப் பக்கத்துக் கரட்டில்
நிற்பதாகச் சொல்கிறது.
நான் நிற்பது சின்னமாதி காட்டில்.
பென்னாகரம் வட்டம், புல எண் 214,
உட்பிரிவு 3பி.
பூஜ்யம் புள்ளி ஏழு ஒன்று ஹெக்டேர்.
அவள் கணக்கில் ஒன்றேமுக்கால் ஏக்கர்.
பன்றிகளுக்குக் கணக்கு இல்லை,
வரப்பும் இல்லை.

"என்னம்மா போட்டிருக்க?"

"ஆறு சாலு ராகி, ஒரு சாலு அவரை.
அதுக்குள்ளயே தொவரை.
கடுகு அங்கங்க.
ஓரத்துல பேயெள்ளு, மாடு வாய் வெக்காது.
பூசணி நான் போடல,
அதா வந்துச்சி."

"இதுல எது முக்கியம்?"

"எப்ப கேக்கற?
மழ பேஞ்சா ராகி.
நின்னுட்டா அவரை.
அதும் போனா தொவரை.
மூணும் போனா ஒசூரு பஸ்சு."

நான் கிராம நிர்வாக அலுவலர்.
ஒசூர் பஸ்ஸைப் பதிய
எனக்கு அதிகாரம் இல்லை.

பசலி ஆயிரத்து இருநூற்றிரண்டு.
கம்பெனி ஆட்கள் சங்கிலி இழுத்து
பாரமகாலை அளந்தபோதும்
எவனோ ஒருவன் இந்த மேட்டில் நின்று
இதே கேள்வியைக் கேட்டிருப்பான்.
நன்செய், புன்செய், தோட்டம், தரிசு:
அவனிடமும் கட்டங்கள் இருந்தன.
அவை காகிதத்தில் இருந்ததால்
விளிம்பில் கிறுக்க இடமிருந்தது.

ஆயிரத்து இருநூற்று எண்பத்தாறில்
கட்டம் காலி. ஆளும் காலி.
தாது வருஷப் பஞ்சம் அது.
தீர்வை மட்டும் எழுதியிருந்தது.

பிறகு வந்தவை எனக்கே ஓரளவு தெரியும்,
தாலுகா ஆபீஸ் பீரோவில் தூசி தட்டியிருக்கிறேன்.
உரமூட்டைக்குக் கடன் உண்டு,
சாமைக்கு இல்லை என்றொரு சுற்றறிக்கை.
கிணறு வெட்ட மானியம்,
கிணறு வற்றியதும் ஆழ்துளைக்கு,
அதற்கும் பிறகு சொட்டுநீருக்கு.
ரேஷனில் அரிசி வந்தது.
ராகி தின்றவர்கள் ராகியை விற்கக்கூட
ஆளில்லாமல் மாட்டுக்குப் போட்டார்கள்.
இப்போது ராகி நல்லதாம்.
சர்க்கரை நோய்க்கு நல்லதாம்.
கொள்முதல் நிலையம் திறந்திருக்கிறோம்,
அடங்கலில் கேழ்வரகு என்றிருந்தால் எடுப்போம்.

சின்னமாதிக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.
"ராகின்னே போட்டுடு" என்கிறாள்,
சின்னப் பிள்ளையைச் சமாதானம் செய்கிற குரலில்.
"அவரைய வெல கேட்டு
எவனும் கவர்மெண்ட்ல இருந்து வரப்போறதில்ல."

போட்டேன்.
குறிப்புக் கட்டத்தில் மிச்சத்தை அடித்தேன்:
அவரை, துவரை, கடுகு, பே
அத்தோடு இடம் முடிந்துவிட்டது.

பயிரின் படம் கேட்டது செயலி.
எடுத்தேன். கதிர் எல்லாம் மங்கல்,
நடுவில் பளிச்சென்று
பூசணிப் பூ.
ஏற்றுக்கொண்டது.

அனுப்பத்தான் சிக்னல் இல்லை.
"பரண்மேல ஏறு,
அங்கதான் ரெண்டு கோடு வரும்."
யானை பார்க்கக் கட்டிய பரண்.
தகர டப்பா, ஒரு கோல், கிழிந்த கம்பளி,
நேற்றிரவின் பீடித் துண்டுகள்.
சேலையைச் செருகிக்கொண்டு ஏறினேன்.

மேலிருந்து பார்த்தால்
காடு கோடு கோடாகத் தெரிகிறது.
ஆறு பச்சை, ஒரு கரும்பச்சை,
மறுபடி ஆறு.
யாரோ நிதானமாக
ஒரு விண்ணப்பம் எழுதியதுபோல்,
ஒரு கட்டத்தையும் விடாமல்.

வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது.
வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது.

அடுத்தது 3சி, கோவிந்தப்பன் தோட்டம்.
போன வாரம் பார்த்தேன்,
மல்ச்சிங் ஷீட், சொட்டுநீர்க் குழாய்,
ஓரம் முதல் ஓரம் வரை தக்காளி.
ஒரே பயிர், ஒரு நிமிட வேலை.

போனால், உழுதுபோட்டிருக்கிறார்.
கிலோ மூன்று ரூபாய்,
பறிக்கும் கூலிக்குக் காணாதாம்.
டிராக்டர் போன தடத்தில்
சிவப்பாக நசுங்கிக் கிடக்கிறது பாதி.

பட்டியலை விரித்தேன்.
இதற்குப் பொருத்தமான சொல்
அதில் இருக்கிறது.
தரிசு.
தொட்டேன்.