கணக்கில் வராத ஆயிரத்து நானூறு

வோல்னெய்,
நீ விட்டுப்போன குழாய் கிடைத்தது.
மைனஸ் எண்பதில், மூன்றாம் தட்டில்,
உறைபனிக்குள் பாதி புதைந்து.
மூடியில் உன் கோணல் கையெழுத்து:
‘உண்ணி 3. எறியாதே.’
அவ்வளவுதான். வரைபடம் இல்லை.
நோட்டில் அந்தப் பக்கத்தின்மேல்
யாரோ மாத்தே கொட்டி
பச்சை வட்டமாய்க் காய்ந்திருக்கிறது.
வட்டம் என்றவரை சரி.
பிளாஸ்மிடும் வட்டம்தான்.

மொந்தெவிதெயோவில் இது ஜூலை.
ஆற்றுக் காற்று ஜன்னல் இடுக்கில் விசிலடிக்கிறது.
ஹீட்டரைப் போட்டால் சென்ட்ரிஃப்யூஜ் நின்றுவிடும்,
சென்ட்ரிஃப்யூஜைப் போட்டால் ஹீட்டர்.
கோட்டுக்குமேல் கோட்டு மாட்டிக்கொண்டு
பனிக்கட்டி டப்பாவுக்குள் கை விடுகிறேன்.

நொதியை எடுக்கும்போதெல்லாம்
மூச்சை அடக்கிக்கொள்கிறேன், ஏனென்று தெரியாது.
ஒரு மைக்ரோலிட்டர்.
கிளிசரால் கனத்தில் அடியில் போய் உட்காரும் துளி.
ஏதோ ஒரு பாக்டீரியா
வீடு புகுந்த வைரஸை வெட்ட வைத்திருந்த கத்தி.
நம்மிடம் வரும்போது டாலரில் விலை.
அதற்குக் கண் கிடையாது.
ஆறெழுத்து மட்டும் தெரியும்:
ஜி ஏ ஏ டி டி சி.
விகடகவி மாதிரி என்று சொல்லலாம்,
ஆனால் அதே வரியில் திரும்பி வராது.
எதிர் இழைக்குத் தாவி
அங்கிருந்து பின்னோக்கி வாசித்தால்
மறுபடி ஜி ஏ ஏ டி டி சி.
இரு கரையிலும் ஒரே சொல் எழுதிய இடத்தில்தான் வெட்டு.
ஓரெழுத்து பிசகினாலும்
தடவிக்கொண்டே கடந்துபோகும்.

முப்பத்தேழு டிகிரி. ஒரு மணி நேரம்.
பிறகு ஜெல்:
சின்னது முன்னே ஓடும், பெரியது பின்தங்கும்.
புற ஊதா விளக்கில் ஆரஞ்சுக் கோடுகள்.

ஈக்கோ-ஆர்-ஒன்: ஒரே கோடு, ஆறாயிரத்து இருநூறு.
ஒற்றை வெட்டில்
வட்டம் கயிறாகிப் படுத்திருக்கிறது.
ஹிண்ட்-த்ரீ: இரண்டு கோடுகள்.
மூவாயிரத்து நானூறு,
ஆயிரத்து நானூறு.
கூட்டினேன்.
நாலாயிரத்து எண்ணூறு.

முதலில் உன்னைத் திட்டினேன்.
அப்புறம் ஜெல்லை.
சின்னத் துண்டு ஏதாவது விளிம்பு தாண்டி ஓடிவிட்டதா?
மறுநாள் மெதுவாக ஓட்டினேன், அதே இரண்டு.
ஆயிரத்து நானூறு எழுத்து
எங்கேயும் போகாமல் காணாமல் போயிருக்கிறது.

மாலை, நூற்று இருபத்தொன்றாம் பேருந்து.
நிற்க மட்டும் இடம்.
அச்சடித்த படத்தை
ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
குட்டைத் துண்டு மங்கலாகத்தானே இருக்க வேண்டும்?
இது பெரியதுக்கு ஏறக்குறையச் சமமாக எரிகிறது.
ஓட்டுநர் பிரேக் போட்டார்,
முன்னால் நின்ற இருவரின் நிழல்
தரையில் ஒன்றாகி
மறுபடி இரண்டானது.

இரட்டையர், வோல்னெய்.
ஒரே நீளம், ஒரே வேகம்,
ஒருவன்மேல் ஒருவன் ஏறி நின்று
ஒரே கோடாக என்னை ஏமாற்றியிருக்கிறார்கள்.

இன்று இரண்டு கத்தியையும் சேர்த்து விட்டேன்.
மூவாயிரத்து நானூறு அப்படியே.
ஆயிரத்து நானூறு இருக்கிறது, ஆனால் பாதி வெளிச்சத்தில்.
கீழே புதிதாக இரண்டு:
தொள்ளாயிரம், ஐநூறு.
ஒருவனை வெட்டியபின்தான்
மற்றவன் தனியாளாகத் தெரிகிறான்.
கூட்டினால் ஆறாயிரத்து இருநூறு.
லேபில் யாருமில்லை,
ஆனாலும் ‘சரி!’ என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

முடியவில்லை இன்னும்.
வெட்டுப்பட்டவனின் ஐநூறு
பெரியவன் பக்கமா, தம்பி பக்கமா?
இரண்டும் பொருந்துகின்றன.
இதைத் தீர்க்க பாம்-ஹெச்-ஒன் வேண்டும்.
அது கராஸ்கோ சுங்கத்தில்,
ஏதோ ஒரு முத்திரைக்காக,
உருகும் பனிக்கட்டியோடு பதினோரு நாளாய்.

நோட்டில் மாத்தே கறைக்குப் பக்கத்தில்
பென்சிலால் இரண்டு வட்டம் வரைந்திருக்கிறேன்.
எது உன்னுடையது என்று
ராட்டர்டாமிலிருந்து ஒரு வரி எழுதினால் போதும்.
எழுதமாட்டாய். தெரியும்.
குழாயைத் திரும்ப வைத்தேன்.
‘எறியாதே’க்குக் கீழே
என் பெயரையும் எழுதினேன்:
மைதே.