பத்தாவது எண்

கொலோன் நகர மன்றத்திலிருந்து கடிதம்.
கடற்கரைச் சாலை முக்கில் லிசாண்ட்ரோ இயர்வுட்டுக்குச்
சிலை வைக்கலாமா, கூடாதா.
மணியடித்தவன் என்ற முறையில்
என் வாக்குமூலமும் வேண்டுமாம்,
ஒரு பக்கத்துக்கு மிகாமல்.

பிறந்ததிலிருந்தே அவன்மேல் வழக்குதான்.
ஞானஸ்நான ஏட்டில் ஒரு வருடம்,
குத்துச்சண்டை உரிமத்தில் ஒரு வருடம்,
சிறைக் கோப்பில் மூன்றாவதாக ஒன்று.
கால்வாய் வெட்ட பார்படோசிலிருந்து கப்பலேறிய முப்பாட்டன்
விட்டுப்போனது அந்த ஆங்கிலப் பெயரும்
பதினோராம் தெரு மரவீட்டில் பாதி அறையும்.
பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரே குழாய்.
வாளி வரிசையில்தான் அந்தக் கையை
ஊர் முதன்முதலாகப் பார்த்தது.

இடது கை.
அதைப் பற்றி மட்டும் இங்கே இரண்டு பேச்சு இல்லை.
வருவது தெரியாது. வந்த பிறகு
தகரக்கூரையில் மாங்காய் விழுந்த மாதிரி
ஒரு சத்தம்.

மற்றதெல்லாம் இரண்டு பேச்சு.
பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுத் தந்தான்.
அது வரியில்லாக் கிடங்கில் காணாமல்போன தகரம்.
நிக்கானோர் ஹிம் செத்த பிறகு அவன் தாய்க்கு
மாதந்தவறாமல் பணம் அனுப்பினான்.
அனுப்பாமல்? கொன்றவன்தானே.
கை நீட்டினான் என்பார்கள்.
சூதாடிகளிடமா, பெண்டாட்டி மீதா,
கேட்டால்தான் தெரியும்.

எடில்மாவிடம் பேசப் போகிறவர்கள்
அவளுக்கு இடப்பக்கம் உட்கார வேண்டும்.
வலது காது கேட்காது.
எதிரே நிற்கும் இடதுகைக்காரனின் அடி
எந்தப் பக்கம் விழும் என்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மன்றம் கேட்பது பட்டத்தை இழந்த இரவைப் பற்றி.
ஒன்பதாம் சுற்று. விழுந்தான். எழவில்லை.
விற்றுவிட்டான் என்று அன்றே எழுதிவிட்டார்கள்.
மேடை விளிம்பில் சுத்தியலால் தட்டி எண்ணியவன் நான்.
எட்டு என்றபோது அவன் கண் திறந்திருந்தது.
என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரும் கேட்காத இரவு ஒன்று இருக்கிறது.
அது பட்டம் வென்ற இரவு.
நான்காம் சுற்றில் ஹிம்மின் வலது கை பட்டு
லிசாண்ட்ரோ குப்புறக் கிடந்தான்.
ஏழு தட்டினேன்.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
என் கடிகாரத்தில் மூன்று நொடி ஓடியது.
ஓடியதைப் பார்த்தேன்.
சுத்தியல் தூக்கியபடியே இருந்தது.
காசு வாங்கவில்லை, சத்தியமாக.
நானும் பதினோராம் தெரு. அவ்வளவுதான்.
எழுந்தான்.
ஏழாம் சுற்றில் ஹிம் விழுந்தான்.
அவனுக்குச் சரியாகத்தான் எண்ணினேன்.
வியாழக்கிழமை செத்துப்போனான்.

ஆகவே ஐயா,
ஒன்பதாம் சுற்றில் அவன் விற்றானா,
விலா முறிந்து மூச்சு வரவில்லையா,
இல்லை அந்த மூன்று நொடிக்காகக்
காத்துக்கிடந்தானா, எனக்குத் தெரியாது.
அன்று நான் தரவில்லை.

கடைசியில் வாடகை அறையில், மின்விசிறி சுற்றச் சுற்ற,
நான்கு நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள்.
மாரடைப்பு என்றது போலீஸ்.
மாரடைப்புக்குக் கை கட்டியிருக்குமா என்றது தெரு.
நான் பார்க்கப் போகவில்லை.

நேற்று எடில்மாவின் மீன்கடைக்குப் போனேன்.
இடப்பக்கம் உட்கார்ந்து சிலையைப் பற்றிச் சொன்னேன்.
எந்தக் கை தூக்கியிருக்கும் என்று கேட்டாள்.
இடது, என்றேன்.
எண்ணெயில் மீனைத் திருப்பிப் போட்டாள்.
உனக்கு எலுமிச்சை வேண்டுமா என்றாள்.

பக்கம் முடிந்துவிட்டது.
பின்பக்கத்திலும் எழுதலாமா என்று
அவர்கள் சொல்லவில்லை.